இலை எடுத்தவர் பேசுகிறார்

ஒரு கையில் மாலையையும் மறு கையில் கடிகாரத்தையும் பிடித்துக்கொண்டு, மாலை எப்போது வாடும், இந்த ஏசுபாதம் எப்போது முடிப்பான் என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் அவைத் தலைவர், எங்கள் கல்லூரியின் முதல்வர், பெருமதிப்பிற்குரிய பார்வதம்மா அவர்களே! நான் தமிழில் பேசுவதைக் கன்னடத்தில் பெயர்ப்பதற்காகத் தொண்டையைச் செருமித் தயாராக நிற்கும் கன்னடத் துறைத் தோழர் சம்பங்கி அவர்களே! முதல் ஷிப்ட் முடித்து, முகம் கழுவி, முடி வாரி, முழுத் தூக்கத்தையும் இமையில் ஏற்றிக்கொண்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் சுரங்கத்துப் பெரியவர்களே! ஓய்வூதியம் வாங்கிய பிறகும் ஓய்வே வாங்காத ஐயாமார்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! பெமல் தொழிற்சாலை நகரிலிருந்து வந்திருக்கும் பொறியியல் பெருமக்களே! நாற்காலி காலியாக இருந்தும் வேப்பமரத்தடியில் நின்றே தீருவோம் என்று நிற்கும் மாணவச் செல்வங்களே! இந்தக் கல்லூரி விழா மாலையில் உங்கள் அனைவருக்கும் குனிந்து வணக்கம் சொல்கிறேன். குனிந்து என்பதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. மதியம் குனிந்த முதுகு இன்னும் முழுதாக நிமிரவில்லை.

முன்வரிசையில் சிலர் என் முகத்தைப் பார்க்காமல் என் வேட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பாருங்கள், நன்றாகவே பாருங்கள். இடது பக்கம் இருப்பது ரசம். அதற்கு மேலே சாம்பார். முழங்கால் அருகே மஞ்சளாகத் தெரிவது பாயசம். மாற்று வேட்டி கொண்டுவரக் கூடாதா என்று என் மனைவி ஐடா அங்கே பெண்கள் வரிசையில் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறாள். கொண்டுவந்தேன், ஐடா. வேண்டுமென்றேதான் மாற்றவில்லை.

இன்னா தம்பி? வேப்பமரத்தடியிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. “சார், அந்தக் கறை எந்த லைன் சார்?”

சிரியுங்கள், சிரியுங்கள்! அந்தத் தம்பி கேட்டானே, அந்தக் கேள்விதான் இன்று என் பேச்சுக்குத் தலைப்பு. சம்பங்கி சார், இதை மொழிபெயர்க்க வேண்டாம். இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லா மொழியும் தெரியும். போன வருடம் நான் சொன்ன ஒரே நகைச்சுவைக்கு இவர்கள் தமிழில் ஒரு தடவையும் கன்னடத்தில் ஒரு தடவையும் மரியாதைக்காகச் சிரித்தார்கள். அந்தப் பாவம் இந்த வருடமும் நமக்கு வேண்டாம்.

அழைப்பிதழில் அச்சடித்த தலைப்பு வேறு. ‘நம் வளாகத்தில் எல்லோருக்கும் இடம்’. தலைப்பைத் தந்தவர் முதல்வர். இந்தத் தலைப்பில் பேச இந்தத் தங்கவயலிலேயே தகுதி குறைந்த ஆள் யார் என்று தேடோ தேடென்று தேடி, கடைசியில் பக்கத்து அறையிலேயே பாடம் நடத்தும் என்னைக் கண்டுபிடித்திருக்கிறார்!

அன்பர்களே! என்னை நீங்கள் அறிவீர்கள். எத்தனை மேடைகள்! எத்தனை மாலைகள்! எத்தனை சோடா பாட்டில்கள்! மேடைக்கு மேடை நான் முழங்கும் வரிகளை உங்களில் பலர் மனப்பாடமாகவே சொல்வீர்கள். “சாதி கேட்டதில்லை இந்த ஏசுபாதம்! சமயம் கேட்டதில்லை இந்த ஏசுபாதம்! தாய்மொழி எதுவென்று தப்பித் தவறியும் கேட்டதில்லை இந்த ஏசுபாதம்!” சத்தியமான வார்த்தை. ஒரு நாளும் கேட்டதில்லை. கல்லூரியில் சேர வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் நான் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்.

“எந்த லைன்பா?”

கைதட்டாதீர்கள். இதற்குக் கைதட்டினால் எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காக ஒரு வார்த்தை விளக்கிவிடுகிறேன். தங்கம் தோண்டக் கம்பெனி வந்த காலத்தில், தொழிலாளருக்கு வரிசை வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்த வரிசைக்கு லைன் என்று பெயர். சுரங்கத்துக்குள் மரம் கட்டுகிறவர்களுக்கு ஒரு லைன். இன்ஜின் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு லைன். காவல்காரர்களுக்கு ஒரு லைன். கூட்டிப் பெருக்கி, கக்கூஸ் அள்ளுகிறவர்களுக்குத் தனியாக, தள்ளி, கடைசியாக ஒரு லைன். எந்த வேலைக்கு எந்த ஊர் ஆள், எந்த மொழி ஆள், எந்தச் சாதி ஆள் என்று அன்றே பிரித்து வைத்துவிட்டார்கள். ஆகவே இந்த ஊரில் யாரும் யாரிடமும் சாதி கேட்க மாட்டோம். அவ்வளவு நாகரிகம்! அவ்வளவு நளினம்! எந்த லைன் என்று கேட்போம். சாதியும் தெரிந்துவிடும், சமயமும் தெரிந்துவிடும், மொழியும் தெரிந்துவிடும், அப்பா என்ன வேலை என்பதும் தெரிந்துவிடும். நான்கு கேள்வியை ஒரே கேள்வியில் முடித்துவிட்டு, நான் எதுவும் கேட்டதில்லை என்று மேடையேறி முழங்குவோம். என்னைப் போல.

இந்த அருமை பெருமையெல்லாம் உள்ள என்னைத்தான் இந்த வருடம் ஒற்றுமைக் குழுவுக்கு அமைப்பாளராகப் போட்டார்கள். குழு என்றால் முதல்வர், சம்பங்கி, நான். மூன்று பேரும் கூடினோம். வடை வந்தது. வடை தீர்ந்தது. தீர்மானம் பிறந்தது. கல்லூரி விழா அன்று மாலைப் பேச்சுப் போட்டிக்கு முன்னால், மதியம் ஒற்றுமை விருந்து! எல்லா லைன் பிள்ளைகளும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து, சேர்ந்து சாப்பிடுவது. எப்படி இருக்கிறது தீர்மானம்? சமத்துவம் சாம்பாராக ஓடும், சகோதரத்துவம் ரசமாகப் பாயும் என்று நான் எழுதி வைத்தேன். பாய்ந்ததென்னவோ என் வேட்டியில்தான்.

சரி, பிள்ளைகளைக் கலந்து உட்கார வைக்க வேண்டுமே? கலக்க வேண்டுமானால் யார் யார் எங்கே என்று தெரிய வேண்டுமே? வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டேன். கலப்பதற்காகப் பிரித்தேன், கனவான்களே! இடைவேளையில் ஒருவன் டப்பாவில் இன்னொருவன் கையை விட்டுத் தின்றுகொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்து, ஒற்றுமையை வளர்ப்பதற்காக லைன் லைனாகப் பிரித்த பெருமை என்னையே சாரும்.

பி.ஏ. இரண்டாம் ஆண்டில் தேவிகா என்று ஒரு மாணவி. எந்த லைன்மா என்று யார் கேட்டாலும், “பஜார் பக்கம் சார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அன்றும் அதையே சொன்னாள். நான் விடுவேனா? “ஆண்டர்சன்பேட்டையே பஜார் பக்கம்தானம்மா இருக்கிறது. எந்த லைன், அதைச் சொல்” என்றேன். அந்தப் பெண் எழுந்து நின்று, என்னை நேராகப் பார்த்து, அந்தக் கடைசி லைனின் பெயரைச் சொன்னாள். வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியானது. நான் அதைக் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் குழுவின் உச்சகட்டச் சாதனை. விருந்துக்கு வேலை பிரிக்க வேண்டும். சுரங்கத்தில் எப்படி? கேங் கேங்காகத்தானே வேலை? அந்தந்த ஆளுக்கு அந்தந்த வேலை. நாமும் அப்படியே பிரித்துவிடலாம், பிள்ளைகளுக்குப் பழகிய வேலை சுலபமாக இருக்கும் என்றேன். ஆஹா என்றார் சம்பங்கி. முதல்வரும் தலையசைத்தார். அம்மா, நீங்கள் தலையசைத்தீர்கள், இப்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்! மறுநாள் காலை, இதே மேடை, இதே மைக், இதே மரத்தடி. நான் முழங்கினேன். மரவேலை லைன் மாணவர்கள் பந்தல் போடுவார்கள்! இன்ஜின் லைன் மாணவர்கள் ஒலிபெருக்கியைப் பார்ப்பார்கள்! காவல்காரர் லைன் மாணவர்கள் கூட்டத்தை ஒழுங்கு செய்வார்கள்! அப்புறம், அந்தக் கடைசி லைன் மாணவர்கள்...

எச்சில் இலை எடுப்பார்கள்.

சொன்னேன். என் வாயால் சொன்னேன். என் வழக்கமான ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். உங்களில் பாதிப் பேர் அன்று இங்கே இருந்தீர்கள். யாருக்காவது உறுத்தியதா? எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கும் உறுத்தவில்லை. ஒரே ஒருத்திக்குத்தான் உறுத்தியது. தேவிகா கையைத் தூக்கினாள்.

“சார், பேச்சுப் போட்டிக்கு நானும் பேர் குட்த்துக்கிறேன். இலைய எட்த்துட்டுப் பேசணுமா சார், பேசிட்டு எடுக்கணுமா?”

இந்தக் கேள்வியைக் கேட்டதும் எந்த மனிதனுக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு ஒட்டவில்லை. அது என் நாக்கு அல்லவா! பாவம், பெண்ணுக்கு நேரக் குழப்பம் என்று நினைத்து, பெருந்தன்மையோடு, புன்னகையோடு, மைக்கை இழுத்துப் பிடித்துப் பதில் சொன்னேன். “கவலை வேண்டாம் மகளே! முதலில் இலையை அகற்று! பிறகு நாவை அசை!”

நீங்கள் கைதட்டினீர்கள். நான் கும்பிட்டேன்.

மறுநாள் தேவிகா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவள் பெஞ்சு காலியாக இருப்பதைப் பார்த்து, உடம்பு சரியில்லை போலும் என்றேன் நான். உடம்பு சரியில்லாதது யாருக்கு என்று சம்பங்கிதான் முதலில் கேட்டார். மாணவிகளிடம் விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. தேவிகா படிப்பை விடுகிறாள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பெங்களூரு ரயில், அங்கே ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனி. அதற்குள் அவள் திரும்பி வராவிட்டால், இந்த வகுப்பில் உள்ளவர்களிலேயே சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதத் தெரிந்த பெண் தையல் மிஷினுக்குப் போய்விடுவாள். அன்று எனக்கு மனசு கலங்கியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அவள் அம்மாவிடம் பேசப் போவோம் என்று சம்பங்கியின் ஸ்கூட்டரில் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று அடுக்குமொழியில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

பஜாரில் வழி கேட்டோம். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “அந்த லைன்ல உங்களுக்கு இன்னா சார் வேலை?” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இல்லப்பா, சும்மா, பஜார் பக்கம்தான்” என்றேன்! சொன்ன பிறகுதான் இந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. ஒரே ஒரு முறை ஒருவர் பார்த்த பார்வைக்கே எனக்குப் பொய் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்து எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

தேவிகாவின் தாயார் தங்கம்மா. தெருக் கூட்டும் வேலை. நாங்கள் போனபோது அப்போதுதான் வேலை முடித்து வந்திருந்தார்கள்.

“இன்னா சார், நீங்களே வந்துகிறீங்க? எங்க லைனுக்கு வழி தெரிஞ்சுதா?”

நான் ஒத்திகை பார்த்ததை ஆரம்பித்தேன். “மாதர்குல மாணிக்கமே! மகளைக் கல்விக் கடலில்...”

“சார், சார், இங்க மைக் இல்ல. மெதுவா பேசுங்க. பக்கத்து ஊட்ல நைட் ஷிப்ட் பார்த்துட்டு ஆளு தூங்குறாரு.”

முன்வரிசைப் பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும், நைட் ஷிப்ட்காரர் தூங்கும்போது லைனில் கத்தியவன் கதி என்னவென்று. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பெண்மணி என்னை மெதுவாகப் பேச வைத்தார். மெதுவாகப் பேசும்போது எனக்கு அடுக்குமொழி வரவில்லை. “பொண்ணை அனுப்புங்கம்மா” என்பது மட்டும்தான் வந்தது.

“அனுப்பி?” என்றார் தங்கம்மா. “இலை எடுக்கறதுக்கு நான் ஒருத்தி போதாதா சார்? அத்த எடுக்கக் கூடாதுன்னுதான அவள காலேஜுக்கு அனுப்பினேன்? கம்பெனில மிஷின் ஓட்டுனா காசு குடுக்கறான். எந்த லைன்னு கேக்க மாட்டான்.”

என் கல்லூரியை விட ஒரு தையல் மிஷினுக்கு நாகரிகம் அதிகம் என்று ஒரு தாய் சொல்கிறாள்.

அதுவரை கதவருகே நின்றிருந்த தேவிகாதான் பேசினாள். “நான் வரேன் சார். ஆனா விருந்து நிக்கக் கூடாது. எங்க லைன் பசங்க எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடட்டும். இலைய மேடையில உக்கார்றவங்க எடுக்கட்டும்.”

“முதல்வரா?” என்றேன்.

“நீங்களும் மேடையிலதான சார் உக்கார்றீங்க?”

சம்பங்கி சார் உடனே சரி என்றுவிட்டார். என்னைக் கேட்காமலே. ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னோம். அடேயப்பா! அத்தனை வருடமும் ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கெல்லாம் அன்று திடீரென்று முழங்கால் வலி. ஒருவருக்கு இடுப்பு. ஒருவருக்கு ஈரம் பட்டால் இருமல். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் தோள்பட்டையில் ஏதோ ஒரு வலி எட்டிப் பார்த்தது. முதல்வர் எழுந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். “நானு மொதலு” என்றார் கன்னடத்தில். நான் முதலில் எடுக்கிறேன் என்று அர்த்தம். வலியெல்லாம் வந்த வழியே போய்விட்டது.

ஆக, அன்பர்களே, இன்று மதியம் விருந்து நடந்தது. இலை எடுத்தோம். இலை எடுப்பது சுலபமென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் இலையைத் தட்டைத் தூக்குவது போலத் தூக்கினேன். ரசம் வேட்டியில். இரண்டாவதைச் சுருட்டப் பார்த்தேன். சாம்பார் வேட்டியில். முதல்வர் மூன்று வரிசை முடித்து நிமிர்ந்தபோது நான் முதல் வரிசை முனையிலேயே பாயசத்தோடு போராடிக்கொண்டிருந்தேன்.

வேட்டி போகட்டும். வேறொன்றைச் சொல்ல வேண்டும். என் மாணவன் பிரதாப். நல்ல பையன். உங்க குரலைக் கேட்டாலே சிலிர்க்குது சார் என்று என்னிடமே சொல்லியிருக்கிறான். இன்று அவன் எதிரே நான் குனிந்து நின்றேன். அவன் பக்கத்தில் இருப்பவனோடு கிரிக்கெட் பேசிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல், இலையை என் பக்கம் தள்ளினான்.

“இந்தா, இத்தயும் எட்த்துக்க. இங்க தண்ணி கொட்டிக்கீது, தொடச்சுடு.”

எடுத்தேன். துடைத்தேன். பிரதாப், ஓடாதே, உட்கார்! உன்மேல் எனக்குக் கோபமில்லை. வந்தது, உண்மைதான், சுள்ளென்று வந்தது. நான் யார் தெரியுமாடா என்று கேட்க வாயெடுத்தேன். அப்புறம் வெட்கம் வந்து அந்தக் கோபத்தைத் தின்றுவிட்டது. நான் சாப்பிட்ட கல்யாண விருந்துகள் எத்தனை! கட்சி விருந்துகள் எத்தனை! என் இலையை எடுத்த ஒருவர் முகமாவது எனக்கு நினைவிருக்கிறதா? நானும் நிமிர்ந்து பார்த்ததில்லையே!

இன்று அந்தப் பந்தியில் இருந்த யாரும் என்னை எந்த லைன் என்று கேட்கவில்லை. இலை எடுப்பவனிடம் அதைக் கேட்க மாட்டார்கள். தெரியும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அதுதான் அன்பர்களே, இன்று என் முதுகு சொல்லிக்கொடுத்தது.

நான் மேடையில் கேஜைப் பற்றி அடிக்கடி முழங்குவேன், நினைவிருக்கிறதா? சுரங்கத்துக்குள் இறங்கும் அந்த இரும்புக் கூண்டில் தோளோடு தோள் உரச நிற்கிறோமே, அங்கே சாதியுண்டா, சமயமுண்டா என்று! இன்னா ஐயா சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள். “மேல வந்ததும் அவனவன் லைனுக்குத்தான் சார் போறோம்!” அப்படித்தான் ஐயா. அப்படியேதான். இருட்டில் ஒன்றாக இருந்தோம், வெளிச்சத்துக்கு வந்ததும் பிரிந்தோம். சுரங்கத்தையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. கேஜ் நாளைக்கு நிற்கலாம். சங்கு ஊதாமல் போகலாம். லைன் மட்டும் நம் நாக்கிலேயே இருக்கப் போகிறதா? வீட்டைக் கட்டிய கம்பெனியே போகும்போது, அது போட்ட கோட்டை மட்டும் நாம் ஏன் காவல் காக்க வேண்டும்?

நானாக இனி பெரிய தீர்மானம் எதுவும் போட மாட்டேன். என் தீர்மானங்களின் தரம் உங்களுக்குத் தெரியும். தேவிகாவும் அவள் தோழிகளும் சொன்னதைத்தான் முதல்வர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். இந்த வளாகத்தில் எந்த வேலைக்கும் இனி லைன் கிடையாது, ஷிப்ட்தான். பந்தலுக்கும் ஷிப்ட், மைக்குக்கும் ஷிப்ட், இலைக்கும் ஷிப்ட். இன்று மேடையில் இருப்பவர் நாளை பந்தியில் குனிவார். குனிந்தவர் மேடைக்கு வருவார். ஷிப்ட் என்றால் என்னவென்று இந்த ஊருக்கு நான் விளக்க வேண்டுமா? என் ஷிப்ட் வந்தால் தோள்பட்டை வலி வராது என்று இந்த மைக்கின் முன் உறுதி சொல்கிறேன். வந்தாலும் நம்பாதீர்கள்.

அம்மா, கடிகாரத்தைத் தட்டுகிறீர்கள், புரிகிறது. முடிக்கிறேன். பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கு நன்றி. அடுப்பை மறந்து உட்கார்ந்த தாய்மார்களுக்கு நன்றி. வேலைக்குப் போகாமல் இன்று கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் தங்கம்மா அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அம்மா, அங்கே ஏன்? முன்னால் நாற்காலி இருக்கிறது, வாங்க. ஐடா, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடு. இந்தக் கறைபடிந்த வேட்டியோடும் கொஞ்சம் வலிக்கிற முதுகோடும் உங்கள் எல்லோருக்கும் என் மாலை வணக்கம்.

பேச்சுப் போட்டியின் முதல் பேச்சாளரை அழைக்க வேண்டியது மட்டும் பாக்கி இருக்கிறது. அதோ, படியருகே நிற்கிறாள். தேவிகா, அன்றைக்கு நீ ஒரு கேள்வி கேட்டாய். ஊர் முன்னால் நான் தப்பான பதில் சொன்னேன். இன்று அதே ஊர் முன்னால் சரியான பதிலைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

மேடைக்கு வாம்மா. வந்து பேசு. இலையெல்லாம் நாங்க எட்த்தாச்சு.